நடைவழியும் பெயர்ப்பலகையும்

மாணவரின் கட்டுரைத் தாள்களைத் திருத்தியே காலங்கழித்தவர்களுக்குச் சில சொற்களின்மீது தீராப் பகை மூண்டுவிடுவதுண்டு. எனக்கு அத்தகைய பகை 'இயற்கை அன்னை' என்னும் தொடர்மீது. மடவளையிலே நான் கற்பிக்கும் வகுப்பை ஒரு சனிக்கிழமை கண்டிக்கு அழைத்துச் சென்றேன். காலையில் உடவத்தகெலேக் காட்டிலும் பிற்பகலில் பேராதனைப் பூங்காவிலும் நடந்து திரிந்துவிட்டு வந்த பின்னர், 'பெருமரங்களின் நிழலில் ஒரு நாள்' என்று எழுதி வரப் பணித்தேன். முப்பத்தெட்டுத் தாள்கள் வந்தன. முப்பத்தாறில் இயற்கை அன்னை எழுந்தருளியிருந்தாள். 'ஆதிகாலந்தொட்டு மனிதன் கைபடாத கன்னிக் காடு' என்பது இருபதுக்கு மேற்பட்ட தாள்களில் இருந்தது. அவற்றுட் பல, வரிசை பிடித்து மரம் நட்டுப் புல் கத்தரித்து வைத்திருக்கும் பேராதனைப் பூங்காவைக் குறித்தே அப்படிக் கூறின! எஞ்சிய இரண்டு தாள்களில் ஒன்று, தன்னை அட்டை கடித்த வரலாற்றை ஒன்றரைப் பக்கத்துக்கு விவரித்தது. மற்றதைப் பின்னர் சொல்கிறேன்.

பிள்ளைகளை நான் குறைகூறவில்லை. அவர்கள் நடந்தார்கள்; மகிழ்ந்தார்கள்; மரத்தடியில் அமர்ந்து சோற்றுப் பொதியை அவிழ்த்தார்கள். ஆனால், எழுத உட்கார்ந்ததும் கண்டதை மறந்து, கண்டதை எவ்வாறு எழுதவேண்டும் என்று அச்சுத் தாள்கள் கற்பித்திருந்தனவோ அவ்வாறே எழுதினார்கள். வீட்டிலேயே இருந்திருந்தாலும் அதே கட்டுரையை எழுதியிருக்க முடியும். எனவே இவ்விமர்சனம் மாணவரைப் பற்றியதன்று. பெருமரங்களினூடே நடப்பது பற்றி இதுகாறும் எழுதப்பட்டுவந்துள்ள இலக்கியத்தைப் பற்றியது. இலக்கியம் என்ற சொல் இங்கே பெரிதாகப் படலாம். வழிகாட்டி நூலும், பிரயாணக் கடிதமும், ஹோட்டல் மேசையிலே கிடக்கும் மடிப்புத் தாளுமே இன்று மிகப் பெருந்தொகையானோர் வாசிக்கும் இயற்கை இலக்கியமாகும். நாவலையும் கவிதையையும் மட்டும் தராசில் வைத்துவிட்டு இவற்றைத் தீண்டாது விடும் விமர்சகன், மக்களின் ரசனையை உருவாக்கும் சக்தியைக் கணக்கிலெடுக்கத் தவறியவனாவான்.

முதலில் நடையைப் பற்றிச் சில வார்த்தைகள். கண்டியைச் சுற்றி வாழ்பவர்களுக்கு இது ஒரு பேறு என்பதை நான் மறுக்கவில்லை. வத்தேகம வீதியில் வரும் பஸ்ஸிலே மடவளையில் ஏறினால் கண்டியில் இறங்கலாம். தலதா மாளிகைக்குப் பின்னே எழும் மேட்டிலே 257 ஏக்கர் பரப்பில் உடவத்தகெலே விரிந்து கிடக்கிறது. மலையேறுவோர் கொண்டுசெல்லும் கயிறோ கொக்கியோ இதற்கு வேண்டியதில்லை. அரசர் காலத்துக் குளத்தைக் கடந்து மேட்டைச் சுற்றிவர இரண்டு மணி நேரம் போதும். மழை பெய்த மறுநாளாயின் காலிலே சவர்க்காரம் பூசிக்கொள்வது நல்லது. சிங்களத்தில் புஸ்வெல எனப்படும் பெருங்கொடி, மரமோ என்று ஐயுறும் அளவுக்குப் பருத்து, முறுகித் திரிந்து, ஒரு மரத்தின் உச்சியிலிருந்து இன்னொன்றின் உச்சிக்குத் தாவிச் செல்வதை அங்கே காணலாம். அதன் நெற்றுகள் ஒரு மீற்றரையும் தாண்டி நீள்வன. அண்ணாந்து பார்த்தபடி நடந்த என் மாணவன் ஒருவன் அதன் வேரிலே தடுக்கி விழுந்தான். அன்றைய நடையில் நிகழ்ந்த ஒரே விபத்து அதுதான்.

பேராதனை இன்னும் இலேசானது. மகாவலி கங்கை மூன்று புறமும் வளைத்து ஓடும் 147 ஏக்கர் நிலம். நடைவழிகள் செப்பனிடப்பட்டவை, கிழவரும் குழந்தையும் நடக்கக்கூடியவை. பெரும் புல்வெளியின் நடுவே, தன் கிளைகளைத் தரையளவும் பரப்பி ஒரு மண்டபம்போல நிற்கும் அத்தியினத்துப் பெருமரம் ஒன்றின் கீழே என் வகுப்பு முழுவதும் அமர்ந்தது. அதன் பின்னும் பத்து வகுப்புகளுக்கு இடமிருந்தது. பழந்தின்னி வௌவால்கள் பகலிலே ஆயிரக்கணக்கில் தலைகீழாய்த் தொங்கும் மரங்களும் உண்டு. அந்த இரைச்சலையும் நாற்றத்தையும் எந்த மடிப்புத் தாளும் குறிப்பிடுவதில்லை.

இம்மரங்களை நோக்கித்தான் 'ஆதி' என்ற சொல் வீசப்படுகிறது. மரத்தின் அடியிலே நாட்டப்பட்டிருக்கும் பெயர்ப்பலகைகளைச் சற்றே குனிந்து பார்த்தால் அச்சொல் நிற்காது. பூங்கா இவ்விடத்தில் அமைந்தது 1821இல். கண்டி இராச்சியம் பிரித்தானியர் கையில் வீழ்ந்து ஆறே ஆண்டுகளின் பின்னர், அலெக்சாண்டர் மூன் என்பவரின் மேற்பார்வையில் அது தொடங்கியது. அதற்கு முன்பும் அவ்விடம் அரச குடும்பத்தின் தோட்டமாக இருந்ததுண்டு. அங்கே வானளாவ நிற்கும் பனையினச் சாலைகளுள் ஒன்று 1905இல் நடப்பட்டது; புகைப்படக்காரரின் கண்ணை இன்று பறிக்கும் அரசபனைச் சாலை 1950இல் நடப்பட்டது. பின்னதை நட்டபோது பள்ளியில் படித்தவர்கள் இன்றும் நம்மிடையே வாழ்கிறார்கள். நம்முடைய பனைமரத்துக்கும் அங்கே 1887இல் ஒரு சாலை அமைத்திருக்கிறார்கள். யாழ்ப்பாணத்து மணற்றரையில் வேலியோரம் நிற்கும் மரத்தைப் பேராதனையிலே காட்சிப் பொருளாய்க் காணும்போது, கிராமத்து உறவினரைப் பட்டணத்துப் புகைப்பட நிலையத்தில் கோட்டு அணிந்த கோலத்தில் கண்டதுபோன்ற உணர்ச்சி எனக்கு ஏற்பட்டது.

மரங்கள் பெரியவை, பல முதியவையும்கூட. ஆயினும் அவை வந்தவை, கொண்டுவரப்பட்டவை, குழி வெட்டி நடப்பட்டவை. ஜாவாவிலிருந்தும், சீஷெல்ஸ் தீவிலிருந்தும், பசுபிக் சமுத்திரத்துத் தீவுகளிலிருந்தும், தென்னமெரிக்காவிலிருந்தும் கப்பலேறி வந்தவை. ஏன் வந்தன? நிழலுக்காகவும் அழகுக்காகவும் மட்டும் ஒரு சாம்ராஜ்யம் மரம் வளர்ப்பதில்லை. 1824இல் சீனத்துத் தேயிலைச் செடி பேராதனையிலே வைத்து வளர்க்கப்பட்டது. 1839இல் அசாமிலிருந்து வித்து வந்தது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் இதே கண்டி மாவட்டத்தின் லூல்கந்துரையில் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை பயிரிட்டபோது, இத்தீவின் தேயிலைப் பொருளாதாரம் தொடங்கியது. இதற்கிடையில், பூங்காவுக்கு அப்பால் கங்கையின் மறுகரையிலுள்ள கன்னொறுவையிலே தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் தம் சொந்தக் கோப்பித் தோட்டத்தைத் திறந்திருந்தார். ஆளும் கை, ஆராயும் கை, இலாபமீட்டும் கை ஆகிய மூன்றும் ஒரே ஆற்றின் இரு கரைகளிலே வேலை செய்தன. குயினைனுக்கான சிங்கோனாவும், பின்னர் இறப்பரும் இப்பூங்காக்களின் வழியாகவே தீவுக்குள் நுழைந்தன. பேராதனைப் பூங்காவை நாம் ஒரு நந்தவனம் என்று வாசிக்கிறோம். அது பெருந்தோட்ட முதலாளித்துவத்தின் நாற்றுமேடையாகவும் இருந்தது என்று வாசிக்கும்போதுதான் அந்த மரங்களின் முழு உருவம் தெரிகிறது.

இதைப் பழைய பிரயாண எழுத்தாளர்கள் எவ்வாறு வாசித்தார்கள்? 1881ஆம் ஆண்டின் இறுதியிலே ஜெர்மானிய விஞ்ஞானி ஏர்ன்ஸ்ற் ஹெக்கல் இலங்கைக்கு வந்தார். பரிணாமக் கொள்கையை ஐரோப்பாவிலே பரப்பியவர்களில் முன்னணியில் நின்றவர். பேராதனைப் பூங்காவைக் கண்டு பரவசமடைந்து எழுதினார். வேரையும் விழுதையும் அவர் கண்ட நுணுக்கம் இன்றைய வழிகாட்டி நூல்களுக்கு வராது. இதை ஒப்புக்கொண்டேயாக வேண்டும். 1894இல் ஹென்றி கேவ் என்ற கொழும்புப் புத்தக வியாபாரி, கண்டியையும் பேராதனையையும் பற்றித் தனி நூலே வெளியிட்டார். அழகிய புகைப்படங்கள் கொண்ட அந்நூலிலேயே இன்றைய மடிப்புத் தாளின் வாய்பாடு பெரும்பாலும் உருவாகிவிட்டது எனலாம். மரம் பெரிது, பூ வினோதம், வழி இலேசு, பார்த்துவிட்டு மாலைக்குள் திரும்பலாம் என்பதே அந்த வாய்பாடு. நூற்றுமுப்பது ஆண்டுகளாக அது மாறவில்லை. காலமே அற்ற காடு, மனிதரே அற்ற தோட்டம் என்ற மயக்கத்தைத் தருவதற்கு அது பயன்பட்டிருக்கிறது.

இவர்களுக்கிடையே வந்த ஒருவரைப் பற்றி மட்டும் சற்று நின்று பேச வேண்டும். 1890 நவம்பரில் அந்தோன் செக்காவ் கொழும்பில் இறங்கிக் கண்டி வரையும் ரயிலில் வந்தார். அவர் வந்தது சகாலின் தீவிலிருந்து. ஜார் அரசின் தண்டனைக் கைதிகள் வாழ்ந்த அந்தத் தீவிலே வீடு வீடாகச் சென்று, ஒவ்வொரு மனிதனைப் பற்றியும் குறிப்பெடுத்துக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தார். நரகத்தைக் கண்டு வந்தவருக்கு இலங்கை சொர்க்கமாகத் தோன்றியது. கடிதத்திலும் அவ்வாறே எழுதினார். நமக்கு மனவருத்தம் தரும் வரலாறு இது. சகாலினில் கைதியின் குடிசைக்குள்ளே புகுந்து பார்த்த கண், மலைநாட்டின் லயன் காம்பிராக்களை எட்டவில்லை. சில நாள் தங்கிய களைத்த பிரயாணியிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமா என்று கேட்கலாம். நியாயமில்லைதான். மகா கலைஞனும்கூட, விருந்தாளியாக வரும் இடத்தில் மரத்தை மட்டும் கண்டு மனிதனைக் காணாது போகக்கூடும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

ஆனால் அதே செக்காவ்தான் 1897இல் அச்சான 'வான்யா மாமா' நாடகத்திலே டாக்டர் அஸ்த்ரோவைப் படைத்தார். அஸ்த்ரோவ் தன் மாவட்டத்தின் வரைபடத்தை விரித்து, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் காடு எவ்வளவு இருந்தது, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் எவ்வளவு, இன்று எவ்வளவு என்று காட்டுகிறான். எதிரே அமர்ந்திருக்கும் பெண் சலிப்போடு வேறெதையோ நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவன் காட்டை மட்டும் அளக்கவில்லை. அதோடு சேர்ந்து மறைந்த குடியிருப்புகளையும், மிருகங்களையும், அவற்றின் இடத்திலே வேறு நல்வாழ்வு எதுவும் எழாததையும் சேர்த்தே அளக்கிறான். மரத்தைப் பற்றி எழுதுவது எப்படி என்பதற்கு இதைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியவில்லை. கண்டியைப் பற்றி இத்தகைய மூன்று வரைபடங்களை யாராவது தமிழிலே விரித்திருக்கிறார்களா?

விரிப்பதற்கான பொருள் நம் காலடியிலேயே கிடக்கிறது. மீண்டும் உடவத்தகெலேக்கு வருவோம். அரச மாளிகைக்கு மேலிருந்த தோட்டம் என்பதிலிருந்தே அதன் பெயர் பிறந்தது. குடிகள் நுழையத் தடுக்கப்பட்ட காடு என்ற பொருளில் 'தகன்சி கெலே' என்றும் அது வழங்கியது. சங்க இலக்கியம் படித்த ஆசிரியர்களுக்கு உடனே கடிமரம் நினைவுக்கு வரும். மன்னனின் காவல் மரத்தைப் பகைவன் வெட்டி வீழ்த்துவதும், அதைக்கொண்டு முரசு செய்வதும் பழந்தமிழர் போரின் இறுதிச் செயல்கள். 1815இல் கண்டியைக் கைப்பற்றியவன் அப்படிச் செய்யவில்லை. அவன் அதைவிட நவீனமானவன். தடுக்கப்பட்ட காட்டைத் தன் பெயருக்கு எழுதிக்கொண்டான். 1856இல் அது ஒதுக்கக் காடாகப் பிரகடனமாயிற்று, 1938இல் சரணாலயமாயிற்று. அரசனின் தடை முடியின் தடையாக மாறியது. இந்தத் தடைகளாலேயே மரங்கள் பிழைத்தன என்பதும் உண்மை. அவ்வுண்மையை விழுங்கிவிட்டு நாம் பேசக்கூடாது.

பிழைக்காத காட்டின் கதை வேறு. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உறுதிப்பத்திரம் காட்ட இயலாத காட்டையும் தரிசையும் முடிக்குரியதாக ஊகித்தது. முடி அதனை ஏக்கர் ஐந்து சிலிங் வீதம் கோப்பித் துரைமாருக்கு விற்றது. மலைச்சரிவைத் துப்புரவாக்கிய முறையை அக்காலத்தோர் எழுதிவைத்திருக்கிறார்கள். அடிவாரத்திலிருந்து ஒவ்வொரு மரத்தையும் பாதி மட்டும் வெட்டிக்கொண்டு மேலேறுவார்கள். உச்சியிலுள்ள பெருமரங்களை முழுவதும் வெட்டிச் சாய்த்தால், அவை கீழுள்ளவற்றின்மீது விழ, அவை தமக்குக் கீழுள்ளவற்றின்மீது விழ, ஒரு மலைப்பக்கம் முழுவதும் ஒரே இடியோசையோடு சரியும். பின்னர் தீ. கோடரி பிடித்தவர்கள் பெரும்பாலும் சிங்களக் கிராமத்தார். வெட்டிய நிலத்திலே நாற்று நட வந்தவர்கள் மன்னாரிலிருந்து வடபாதையிலே காட்டுவழியாய் நடந்துவந்த தமிழ்த் தொழிலாளர். ஒருவரின் காடு போயிற்று. மற்றவருக்கு நிலம் கிடைக்கவில்லை. இரு சாராரும் ஒரே மலைச்சரிவில் வேலை செய்தும் ஒருவரையொருவர் அறியாதிருந்தார்கள் என்பதுதான் நம் மலைநாட்டு அரசியலின் நெடுந்துயரம். 1869இல் கோப்பி இலையிலே நோய் கண்டது. தோட்டங்கள் அழிந்தன, காடு திரும்பவில்லை, தேயிலை வந்தது.

மன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்த அந்த நடையையும் 'நடை' என்றுதான் தமிழில் சொல்கிறோம். கொள்ளைநோயும் காய்ச்சலும் தின்றது போக மீந்தவர்கள் நடந்துமுடித்த நடை அது. அவர்கள் கடந்த பெருமரங்களுக்குக் கணக்கில்லை. ஆனால் அந்த வழிக்கு ஒரு துரைசாணியின் பெயர் சூட்டப்படவில்லை.

உடவத்தகெலேயின் நடைவழிக்குச் சூட்டப்பட்டிருக்கிறது. 'லேடி ஹோர்ட்டன் நடை' என்பது அதன் பெயர். என் மாணவருள் ஒருவரும் அவர் யாரென்று கேட்கவில்லை. எனக்கும் பல்லாண்டு தெரியாதிருந்தது. 1831 முதல் 1837 வரை தேசாதிபதியாயிருந்த ரொபர்ட் வில்மட் ஹோர்ட்டனின் மனைவி அவர். ஆங்கிலக் கவிஞன் பைரனுக்கு வில்மட் ஒன்றுவிட்ட சகோதரன். 1814இல் ஒரு விருந்திலே திருமதி வில்மட்டைக் கண்ட பைரன், அவர் அழகைப் பற்றிப் பாடிய சிறு கவிதை இன்றும் ஆங்கில பாடநூல்கள் தோறும் இருக்கிறது. அது நூலிலே அச்சானது 1815இல். கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான ஆண்டும் அதுவே. அந்த ஒப்பந்தத்தை எழுதிய ஜோன் டொயிலி, இதே காட்டின் அடிவாரத்திலுள்ள படையினர் கல்லறையிலே புதைந்து கிடக்கிறார்.

கணவரின் கதை கவிதையைவிடச் சுவையானது. பைரன் இறந்த பின்னர், 1824இல் அவனது நினைவுக் குறிப்புகள் தீயிலிடப்பட்டபோது அதை முன்னின்று நடத்தியவர்களில் வில்மட் ஹோர்ட்டன் ஒருவர். இலக்கியத்துக்கு அவர் செய்த தொண்டு அவ்வளவே. குடியேற்ற நாடுகளின் துணை மந்திரியாயிருந்தபோது, ஏழைகளை அரசாங்கச் செலவிலே கடல்கடத்தி அனுப்பிவிடுவதே வறுமைக்கு மருந்து என்ற சித்தாந்தத்தை அவர் பரப்பினார். 1823இலும் 1825இலும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட அயர்லாந்து ஏழைகள் அத்திட்டத்தின்படி கனடாவின் காடுகளுக்கு அனுப்பப்பட்டார்கள். மனிதரைப் பெயர்த்து நடும் கலையிலே தேர்ந்த ஒருவர் தேசாதிபதியாய் வீற்றிருந்த ஆண்டுகளிலேதான், இராஜகாரியம் ஒழிந்து, கூலிக்கு ஆள் தேடும் கோப்பித் தோட்டங்கள் கண்டி மலைகளில் வேரூன்றத் தொடங்கின. பேராதனையிலே மகாவலியின் குறுக்கே, ஆணியோ தாழ்ப்பாளோ இல்லாமல் முழுவதும் முதிரை மரத்தாலேயே ஒரே வளைவாகக் கட்டிய புகழ்பெற்ற பாலமும் 1833இல் அவர் காலத்திலேயே எழுந்தது. எத்தனை முதிரைகள் விழுந்தனவோ! 1905இல் அதையும் அகற்றிவிட்டார்கள்.

இவ்வளவும் ஒரு பெயர்ப்பலகையின் பின்னே கிடக்கின்றன. இதைத் தெரிந்துகொண்டு நடந்தால் புஸ்வெல கொடியின் அழகு குறைந்துவிடுமா? எனக்குக் குறையவில்லை. மாறாக, கன்னிக் காடு என்ற சொல்தான் என்னிடமிருந்து ஓர் இன்பத்தை இவ்வளவு காலமும் மறைத்துவைத்திருந்தது என்று தோன்றிற்று.

குற்றம் முழுவதையும் துரைமார்மீதும் உல்லாசப் பிரயாணத் துறைமீதும் சுமத்திவிட்டுக் கைகழுவ முடியாது. நம் பக்கமும் பிழை உண்டு. முற்போக்கு விமர்சகர் நெடுங்காலமாக மரத்தைக் கண்டு ஐயுற்றார்கள். ஒரு கதையிலே நிலா வந்தால் 'கற்பனாவாதம்', காடு வந்தால் 'தப்பியோடல்' என்று முத்திரை குத்தினோம். இயற்கையை ரசிப்பது வயிறு நிறைந்த வர்க்கத்தின் பொழுதுபோக்கு என்று நினைத்தோம். அதன் விளைவாக, இயற்கை முழுவதையும் எதிரியின் கையிலே நாமாகவே ஒப்படைத்துவிட்டோம். அவன் அதற்கு வேலியிட்டு, நுழைவுச்சீட்டு அச்சடித்தான்.

புதுமைப்பித்தன் 1935இல் 'துன்பக்கேணி' எழுதித் தேயிலைத் தோட்டத்தின் கொடுமையைத் தமிழ்ச் சிறுகதைக்குள் கொண்டுவந்தார். சி. வி. வேலுப்பிள்ளை 1954இல் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தைப் பற்றி ஆங்கிலத்தில் கவிதை நூல் வெளியிட்டார். கோகிலம் சுப்பையா 1964இல் தம் நாவலுக்குத் 'தூரத்துப் பச்சை' என்று பெயரிட்டார். கண்ணுக்குக் குளிர்ச்சி என்று பழமொழி சொல்லும் அந்தப் பச்சை, கிட்டப் போனால் என்னவாகிறது என்பதைத் தலைப்பிலேயே உணர்த்திவிட்ட பெயர். இவர்கள் தேயிலையை எழுதினார்கள், எழுதியே தீரவேண்டியிருந்தது. தேயிலைக்கு முன்பு அங்கே நின்றது எது, அது எவருடையது என்ற கேள்வி மட்டும் நம் இலக்கியத்தின் ஓரத்திலேயே நின்றுவிட்டது. அதற்கும் முந்திய கதையைச் சொன்னால், கண்டியிலேயே பிறந்த சித்திலெப்பை 1885இல் இந்நாட்டின் முதல் தமிழ் நாவலாகிய 'அசன்பேயுடைய கதை'யை எழுதியபோது எகிப்துக்கும் இந்தியாவுக்கும் போனார். தம் ஊர்க் காட்டுப் பக்கம் திரும்பவில்லை. அவரைக் குறைகூறுவது பேதைமை. அவருக்கு வேறு பணிகள் இருந்தன. நமக்கு அத்தகைய சாக்கு இல்லை.

மரத்தைப் பற்றிப் பேசுவதற்கு நாம் எவரிடமும் கருவி இரவல் வாங்க வேண்டியதில்லை என்பதே இதில் வேடிக்கை. தொல்காப்பியர் ஒரு நிலத்தின் கருப்பொருள்களை எண்ணும்போது மரத்தையும், உணவையும், விலங்கையும், பறையையும், அந்நில மக்களின் தொழிலையும் ஒரே பட்டியலிலே வைக்கிறார். மரம் ஒரு பக்கம், உழைப்பு மறுபக்கம் என்று பிரித்து வைத்த தோட்டத்துரையின் பார்வை அவருக்கு இல்லை. பேராதனையிலே பயின்ற கா. சிவத்தம்பி 1974இல் திணைக் கோட்பாட்டைப் பண்டைச் சமூகத்தின் பொருளாதார வாழ்வோடு இணைத்து ஆராய்ந்து, நம் விமர்சகருக்கு வழியும் காட்டினார். அதைச் சங்கப் பாடலுக்கு மட்டும் பொருத்திவிட்டு நிறுத்திக்கொண்டோம். லேடி ஹோர்ட்டன் நடைக்கும் பொருத்திப் பார்க்கலாமே! அங்கே மரம் எது, உணவு எது, தொழில் எது, தெய்வம் எது?

தெய்வம் என்றதும் நாகலிங்க மரம் நினைவுக்கு வருகிறது. பின்னாளில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னனாகிய இளவரசன் 1901இல் நட்ட நாகலிங்கம் ஒன்று பேராதனையிலே நிற்கிறது. தென்னமெரிக்காவைச் சேர்ந்த மரம். அதன் பூவிலே படமெடுத்த நாகமும் அதனடியிலே சிவலிங்கமும் இருக்கக் கண்டனர் தமிழர். புத்தர் பெருமான் பிறந்த சால மரம் இதுவே என்று கொண்டு பூவைப் பறித்து விகாரைக்கு எடுத்துச் செல்கின்றனர் சிங்கள மக்கள். உண்மையான சால மரம் வேறு. ஆயினும் இரு சமயத்தாரும் அந்நிய மரம் ஒன்றைத் தத்தமக்குச் சொந்தமாக்கிக்கொண்டதில் எவருக்கும் வழக்கில்லை. அதன் கடவுச்சீட்டை எவரும் கேட்கவில்லை. அதே மலைகளிலே, மரங்களுக்குப் பின்னும் முன்னுமாய் வந்து, நான்கு தலைமுறை உழைத்த மக்களிடம் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் பத்திரம் கேட்டது. 1964இல் இரண்டு பிரதம மந்திரிகள் அம்மக்களை இலக்கமிட்டுப் பங்கு பிரித்தார்கள். அந்தக் கணக்கு ஓரளவு தீர 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்த ஒப்புமையை மிகைப்படுத்துவதிலும் ஆபத்துண்டு. உடவத்தகெலேயிலே பல்சம் தரும் தென்னமெரிக்க மரம் ஒன்று பல்கிப் பெருகி, சுதேச மரங்களின் கன்றுகளுக்கு இடமில்லாமற் செய்கிறது. அதைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று தாவரவியலார் கூறுவது முற்றிலும் சரி. ஆனால் 'ஊடுருவி' என்ற சொல்லைத் தாவரத்துக்குச் சொல்லிப் பழகிய வாய், அடுத்த மூச்சிலே மனிதனுக்கும் சொல்லிவிடுகிறது. மரம் மரந்தான், மனிதன் மனிதன்தான். வகுப்பிலே இந்த வேறுபாட்டை விளக்க எனக்கு ஒரு பாடவேளை முழுவதும் தேவைப்பட்டது.

இனி, தள்ளிவைத்திருந்த அந்த ஒரு தாள். அதிலே இயற்கை அன்னை இல்லை, வர்ணனையும் இல்லை, எழுத்துப் பிழைகள் மட்டும் நிறைய இருந்தன. அரசபனைச் சாலையிலே தான் இரண்டு முறை நடந்ததாகவும், மற்றவர்கள் படமெடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் மரங்களை எண்ணிக்கொண்டு போனதாகவும், பாதியிலே கணக்குத் தவறியதாகவும் அவன் எழுதியிருந்தான். அச்சாலை நடப்பட்ட காலத்தில் தன் பூட்டனார் பூங்காவிலே நாட்கூலியாக இருந்து கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றினார் என்று வீட்டிலே சொல்வார்கள் என்றும், அதை இதுவரை எவரிடமும் சொன்னதில்லை என்றும் ஒன்பது வரியிலே முடித்திருந்தான். நான் இருபதுக்குப் பதினேழு போட்டேன். பிழைகளுக்காக மூன்றைக் கழித்தது சரிதானா என்று இன்றும் நிச்சயமில்லை.

அடுத்த விடுமுறையிலே அவனை மட்டும் அழைத்துக்கொண்டு மறுபடியும் போனேன். சாலையின் தலைப்பிலே நின்று, பூட்டனார் தண்ணீர் ஊற்றிய மரம் எது என்று கேட்டேன்.

"எல்லா மரத்துக்குந்தான் சேர்" என்றான்.

முதல் மரத்திலிருந்து எண்ணத் தொடங்கினோம்.